புதிய இரும்பு இழைப்புளி: வாயில் சுருள் அடைக்கிறது, பலாப் பலகையில் நார் பிய்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

தக்கலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் ஓர் இரும்புச் சாமான் கடையில் 4-ஆம் எண் அளவுள்ள இரும்பு இழைப்புளி வாங்கியிருக்கிறேன். நீளம் ஏறக்குறைய 25 செ.மீ., பிளேடின் அகலம் 2 அங்குலம். நடுத்தர விலைதான். எங்கள் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த பலாப் பலகைகள் இருக்கின்றன. நல்ல முற்றிய மரம். அவற்றை இயந்திரத்தில் கொடுத்துச் சீவாமல் கையாலேயே இழைத்து ஒரு புத்தக அலமாரி செய்ய வேண்டும் என்று ஆசை.

சிக்கல் இதுதான். பலகையின் மேல் தள்ளினால் ஓரடி போவதற்குள் சுருள் மடிந்து மடிந்து வாயில், அதாவது அடிப்பாகத்தில் பிளேடு வெளிவரும் திறப்பில், அடைத்துக்கொள்கிறது. குச்சியால் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி தள்ளினால், ஒன்று பிளேடு மரத்தைத் தொடுவதே இல்லை, இல்லாவிட்டால் ஆழமாகக் கடித்து நாரைப் பிய்த்துவிடுகிறது. ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் பித்தளைத் திருகை முக்கால் சுற்று சுற்றினாலும் பிளேடு அசைவதில்லை.

புது இழைப்புளி என்றால் முதல் வேலையாகக் கண்ணாடியின் மேல் உப்புத்தாள் ஒட்டி அடிப்பாகத்தைத் தேய்க்க வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமா? தீட்டுவதற்கு என்னிடம் இருப்பது ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் மென்மையுமான எண்ணெய்க் கல் மட்டும்.

கோட்டாறு தச்சன் எழுதியது:

தம்பி, அடிப்பாகத்தை இப்போது தொட வேண்டாம். முதலில் பிளேடு.

கடையில் வரும் பிளேடுக்குத் தொழிற்சாலையில் சாய்வு மட்டும் கொடுத்திருப்பார்கள். அதைத் தீட்டிக் கூராக்குவது வாங்குபவரின் வேலை. விலை உயர்ந்த இழைப்புளியானாலும் கடைசித் தீட்டல் நம் கையில்தான் இருக்கிறது. தீட்டாத பிளேடை வைத்துக்கொண்டு மற்ற பாகங்களில் குறை தேடினால் எல்லாப் பாகமும் குறையுள்ளதாகவே தெரியும்.

எல்லாவற்றையும் கழற்றுங்கள். துருப் பிடிக்காமல் இருக்கத் தடவியிருக்கும் பசையை மண்ணெண்ணெயோ தின்னரோ தொட்டுத் துடையுங்கள். பிறகு பிளேடின் முதுகைப் பாருங்கள், அதாவது சாய்வு இல்லாத தட்டையான பக்கம். குறுக்காக இயந்திரக் கோடுகள் ஓடும். கூர்முனை என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் ஒரு கோடு. முதுகில் வரிப்பள்ளம் இருக்கும்வரை சாய்வுப் பக்கத்தை எவ்வளவு தீட்டினாலும் அந்தக் கோடு நேராகாது. முழு முதுகையும் பளபளப்பாக்கத் தேவையில்லை. முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் போதும். ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டர் ஓரத்திலிருந்து ஓரம்வரை சீராக மின்ன வேண்டும்.

உங்கள் எண்ணெய்க் கல் பழையது என்றால் இதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். நாள்பட்ட கல் நடுவில் குழிந்திருக்கும், அதில் தேய்த்தால் முதுகு உருண்டுவிடும். கண்ணாடிக் கடையில் 8 அல்லது 10 மி.மீ. தடிமனுள்ள துண்டுக் கண்ணாடி கேளுங்கள். அதன் மேல் தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை வைத்து 220, 400, 800, 1500 என்று ஏறிப் போங்கள். ஒரு தாளின் கோடுகள் முழுதாக மறையாமல் அடுத்த தாளுக்குப் போகக் கூடாது.

சாய்வுக்கு 25 பாகை, முனையில் மட்டும் 30 பாகை. கை பழகாதவர்களுக்குச் சக்கரம் வைத்த பிடிப்பான் நல்லது. பக்கவாட்டில் இறுக்கும் சாதாரண வகைப் பிடிப்பானில், இழைப்புளி பிளேடை முன்னால் 38 மி.மீ. நீட்டினால் 30 பாகை வரும், 50 மி.மீ. நீட்டினால் 25 பாகை வரும். ஒரு மரத்துண்டில் இந்த இரண்டு அளவுக்கும் சட்டம் அடித்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டாம்.

பிசிர்தான் அடையாளம். சாய்வுப் பக்கம் தீட்டத் தீட்ட முதுகுப் பக்கத்தில் மெல்லிய பிசிர் எழும். விரலை முனையிலிருந்து வெளியே நோக்கி இழுத்தால் தட்டுப்படும். முழு அகலத்துக்கும் பிசிர் வந்தால் முனைவரை தீட்டிவிட்டீர்கள் என்று பொருள். பிறகு முதுகைப் படுக்கவைத்து ஓரிரு முறை இழுத்தால் பிசிர் உதிரும். கடைசியாக, பழைய தோல் வாரில் மெருகுப் பசை தடவி இழுங்கள். தாளை வெட்டிப் பார்ப்பதைவிட ஒரு மென்மரத் துண்டின் தலைப்பக்கத்தை, அதாவது நார் முடியும் குறுக்குவெட்டு முகத்தை, சீவிப் பாருங்கள். வெட்டிய இடம் பொடியாகாமல் மினுமினுத்தால் பிளேடு தயார்.

இன்னொன்று, வீடு பிரித்த பலகை என்கிறீர்கள். ஆணி முறிந்து உள்ளே நிற்கும். காந்தம் வைத்துத் தடவிப் பார்த்து, கம்பித் தூரிகையால் மண்ணையும் சுண்ணாம்பையும் தேய்த்தெடுத்த பிறகே இழைப்புளி வையுங்கள்.

வெட்டூர்ணிமடம் பொறியாளர் எழுதியது:

பிளேடு முதலில் என்பதை மனமார ஏற்கிறேன். அடிப்பாகத்தை ஒதுக்கிவிடுவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இந்த விலையில் வரும் வார்ப்பிரும்பு இழைப்புளிகளில் அடிப்பாகம் சற்றே முறுக்கியோ குழிந்தோ இருப்பது சாதாரணம். வார்ப்புக்குள் இறுக்கம் தங்கியிருக்கும்போதே கடைசல் செய்தால், பிறகு அது மெல்ல வளையும். அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மூக்கு நுனி (முன்கோடி), வாய்க்கு நேர் முன்னுள்ள விளிம்பு, குதிகால் (பின்கோடி) ஆகிய மூன்று இடங்களும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வாயின் முன்விளிம்பு மேலே தூக்கி நின்றால் அது மரத்தைத் தொடாது. மரத்தைத் தொடவே பிளேடை அதிகம் நீட்ட வேண்டியிருக்கும், நீட்டியவுடன் தடித்த சுருளாகக் கடிக்கும். தக்கலை நண்பர் சொல்லும் "ஒன்று தொடவில்லை, இல்லாவிட்டால் கடிக்கிறது" என்பது இந்தக் குறைக்குப் பொருந்துகிறது. நாரை அமுக்கிப் பிடிப்பது வாயின் முன்விளிம்புதான். அந்த அமுக்கம் இல்லாதபோது நார் பிளேடுக்கு முன்னாலேயே பிளந்து எழுகிறது.

சோதிப்பது எளிது. நல்ல ஸ்டீல் ஸ்கேலின் விளிம்பை அடிப்பாகத்தின் மேல் செங்குத்தாக நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நீளவாக்கிலும் இரண்டு மூலைவிட்டத்திலும் பார்க்க வேண்டும். சோதிக்கும்போதும் தேய்க்கும்போதும் பிளேடு, அது சாய்ந்து அமரும் ஃபிராக், அதை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் லீவர் கேப் எல்லாம் பூட்டி வழக்கமான இறுக்கத்தில் இருக்கட்டும், பிளேடை மட்டும் உள்ளே இழுத்துவிடுங்கள். பூட்டிய இறுக்கத்தில் அடிப்பாகம் சிறிது வளையும். கழற்றி வைத்துத் தேய்த்தால் பூட்டியபின் மட்டம் மாறிவிடும்.

தேய்க்க வேண்டியிருந்தால் 80-ஆம் எண் தாளில் தொடங்கி 220 வரை போதும். அடிப்பாகம் முழுக்க மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டுவிட்டுத் தேய்த்தால் எங்கே படுகிறது என்பது தெரியும்.

கோட்டாறு தச்சன் எழுதியது:

பொறியாளர் தம்பி சொன்ன மூன்று இடக் கணக்கு சரி. நான் தயங்குவது வேறு காரணத்தால். தேய்க்கத் தேய்க்கச் சரியாகும் என்று எண்ணி, நீளம் போதாத தாளில் வேகமாக ஓட்டுவார்கள். கை முன்னும் பின்னும் ஆடும். மூக்கும் குதிகாலும் அதிகம் தேய்ந்து அடிப்பாகம் நடுவில் புடைத்துவிடும். குழிந்த இழைப்புளியை வைத்துக்கூட ஏதோ வேலை செய்யலாம். புடைத்தது பலகையின் மேல் ஊஞ்சலாடும், அதை மீட்பது கடினம்.

ஆகவே சோதித்துப் பார்க்கட்டும். வாயின் முன்விளிம்பு தொட்டால் விட்டுவிடட்டும். வாய்க்கும் குதிகாலுக்கும் நடுவே சிறிது வெளிச்சம் தெரிந்தால் 4-ஆம் எண்ணுக்கு அதனால் கேடு இல்லை. தேய்த்தே ஆக வேண்டும் என்றால் இழைப்புளியைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாத நீளத்தில் தாள் ஒட்டட்டும். கையின் பாரம் நடுவில் இருக்கட்டும். கைப்பிடியின் உச்சியைப் பிடித்துத் தள்ளாமல் அதன் அடியைப் பிடித்துத் தள்ளினால் ஆட்டம் குறையும். வேலை முடிந்தபின் அடிப்பாகத்தின் கூரான ஓரங்களை அரத்தால் இலேசாக மழுக்கிவிட வேண்டும், இல்லையேல் பலகையில் கோடு விழும்.

மார்த்தாண்டம் மாணவி எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னியுங்கள். என் இழைப்புளி பிளேடில் ஆணி பட்டுப் பல் விழுந்துவிட்டது. சாணை பிடிப்பவரிடம் கொடுத்தேன். மின்சாரச் சாணையில் பிடித்துக் கொடுத்தார். பல் போய்விட்டது. ஆனால் முனையில் நீல நிறம் படர்ந்திருக்கிறது. அதன்பிறகு தீட்டினால் கூர் வருகிறது, நாலைந்து முறை இழைப்பதற்குள் மழுங்குகிறது. பிளேடு போய்விட்டதா ஐயா?

கோட்டாறு தச்சன் எழுதியது:

பிளேடு போகவில்லை அம்மா, முனை மட்டும் போயிருக்கிறது. உருக்கு 300 பாகை செல்சியஸ் அளவில் சூடேறினால்தான் அந்த நீலம் வரும். பிளேடின் கடினம் அதற்கு முன்பே குறையத் தொடங்கிவிடும். நீலம் படர்ந்த பகுதியும் அதற்குப் பின்னால் வைக்கோல் மஞ்சளாக இருக்கும் சிறு பட்டையும் தீரும்வரை தேய்த்து எடுத்துவிடுங்கள். மீதியுள்ள இரும்பு பழையபடி கடினமாகவே இருக்கும்.

அடுத்த முறை சாணைக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: சாணையின் அருகில் தண்ணீர் இருக்கட்டும், ஒவ்வொரு முறை தொட்டபின்னும் பிளேடை முக்கட்டும். முனை மெலிந்துவரும் நேரத்தில்தான் சூடு சட்டென்று ஏறும். அந்தக் கடைசிப் பகுதியைக் கையால் கல்லில் முடித்துக்கொள்வதே பாதுகாப்பு.

தக்கலைவாசி எழுதியது:

ஐயாவும் பொறியாளர் அண்ணனும் சொன்னபடி செய்தேன். முதுகில் கோடுகள் ஆழமாக இருந்தன, நேரம் பிடித்தது. இப்போது முழு அகலமும் மின்னுகிறது, 30 பாகையில் முனை தீட்டியாகிவிட்டது. ஸ்கேல் வைத்துப் பார்த்ததில் மூக்கும் வாயின் முன்விளிம்பும் குதிகாலும் தொடுகின்றன. குதிகாலுக்கு முன்னால் மயிரிழை வெளிச்சம் தெரிகிறது. அதனால் அடிப்பாகத்தைத் தேய்க்கவில்லை.

ரப்பர் மரத்துண்டு ஒன்றில் இழைத்தேன். வெங்காயச் சருகு போல மெல்லிய சுருள் முழு நீளத்துக்கும் வந்தது. மகிழ்ச்சியோடு பலாப் பலகைக்குப் போனால் மறுபடி அதே அடைப்பு. பிய்வது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. சுருள் வாய்க்குள் போய் எதிலோ சிக்கி மடிகிறது.

குளச்சல் வள்ளம் எழுதியது:

மேல்தகட்டைப் பார்த்தீர்களா? பிளேடின் மேல் திருகி வைத்திருக்கும் வளைந்த தகட்டைச் சொல்கிறேன். நீங்கள் சொல்லும் அடையாளம் எல்லாம் அங்கேதான் கை காட்டுகின்றன. எங்கள் வீட்டில் வள்ளத்துக்கு அயனிப் பலகை இழைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அயனி பலாவுக்கு நெருங்கிய உறவு மரம், இரண்டிலும் நார் அடுக்குக்கு அடுக்கு திசை மாறி ஓடும். ஒரு கைப்பிடி அகலத்தில் இந்தப் பக்கம் தள்ளினால் வழுக்கும், அடுத்த கைப்பிடியில் எதிர்க்கும். இப்படிப்பட்ட மரத்தில் மேல்தகடு சரியாக அமராத இழைப்புளி எதற்கும் உதவாது.

பிளேடையும் மேல்தகட்டையும் திருகிச் சேர்த்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் உயர்த்திப் பிடியுங்கள். தகட்டின் முன்விளிம்பு பிளேடைத் தொடும் கோட்டில் வெளிச்சம் கசிகிறதா? கசிந்தால் அந்த இடுக்கில்தான் உங்கள் சுருள் நுழைகிறது. முதல் நார் நுழைந்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் அதன் மேல் மடியும்.

திருத்தும் முறை: கண்ணாடியின் மேல் 400-ஆம் எண் தாள் வையுங்கள். மேல்தகட்டின் அடிவிளிம்பைத் தாளின் மேல் படியவைத்து, தகட்டின் மறுகோடி கண்ணாடி மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி கண்ணாடியின் ஓரத்தில் வைத்துத் தேய்க்க வேண்டும். அப்படிச் செய்தால் தகட்டின் முன்விளிம்பு மட்டும் பிளேடைத் தொடும், அதன் பின்னால் நூலளவு இடைவெளி விழும். மட்டமாக வைத்துத் தேய்த்தால் பின்பகுதி முதலில் தொட்டு முன்பகுதி தூக்கிக்கொள்ளும், குறை கூடிவிடும். மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். கோடு முழுவதும் இருட்டாகத் தெரியும்வரை விடாதீர்கள்.

பிறகு தகட்டின் மேல்பக்க வளைவு. சுருள் ஏறி வழுக்கிப் போகும் இடம் அது. புதுத் தகட்டில் அங்கே பெயிண்டோ முலாமோ சொரசொரப்பாக இருக்கும். மென்மையான தாளால் தேய்த்து மெருகேற்றி மெழுகு தடவுங்கள்.

பூட்டும்போது மேல்தகட்டைக் கூர்முனையிலிருந்து எவ்வளவு பின்னால் வைக்கிறீர்கள் என்பது அடுத்தது. முதலில் ஆழமாக இழைத்து மட்டமாக்கும்போது ஒன்றரை மி.மீ. இருக்கலாம். முகத்தை முடிக்கும்போது அரை மி.மீட்டருக்கும் குறைவாகக் கொண்டுவாருங்கள். கூர்முனையை உரசிவிடாமல், தகட்டைப் பின்னாலிருந்து மெல்ல முன்னே நகர்த்தித் திருகை இறுக்க வேண்டும். இறுக்கும்போது தகடு கொஞ்சம் முன்னால் ஓடும், அதற்கும் இடம் விடுங்கள்.

வெட்டூர்ணிமடம் பொறியாளர் எழுதியது:

குளச்சல் நண்பர் சொன்னதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஜப்பானின் யமகதா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் கவாய், காட்டோ இருவரும் இழைக்கும் இயந்திரங்களுக்காக இதை ஆராய்ந்து, பிளேடின் முனையில் நார் எழுவதை மிக அருகிலிருந்து படம்பிடித்தார்கள். மேல்தகடு தள்ளி இருக்கும்போது சுருள் நேராக எழுந்து, தன்னோடு நாரை நெம்பிப் பிளக்கிறது. தகடு 0.1 முதல் 0.3 மி.மீ. வரை நெருங்கி, அதன் முன்முகம் செங்குத்துக்கு நெருக்கமாகவும் இருந்தால், சுருள் அங்கே முட்டி உடனே வளைந்துவிடுகிறது. பிளவு முன்னால் ஓட முடிவதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. மேல்தகட்டை இவ்வளவு நெருக்கினால் வாயை ஒடுக்க வேண்டாம். ஃபிராக்கை முன்னே தள்ளி வாயை ஒடுக்குவதும் நார் பிய்வதைத் தடுக்கும் வழிதான். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் சுருள் வெளியேற வழியின்றி அடைக்கும். ஃபிராக்கைப் பின்னுக்கு இழுத்து, அதன் சாய்முகமும் அடிப்பாகத்தில் வாயின் பின்சாய்வும் ஒரே மட்டத்தில் வரும்படி வையுங்கள். பிளேடுக்கு நல்ல ஆதரவு கிடைக்கும், அதிர்வும் குறையும். ஃபிராக் அமரும் இடத்தில் பெயிண்ட் கட்டியோ வார்ப்புப் பிசிறோ இருந்தால் சுரண்டி எடுத்துவிட வேண்டும்.

அருமனை மரக்கட்டை எழுதியது:

இத்தனை திருகும் தகடும் எதற்கு என்பது என் கேள்வி. என் தாத்தா காலத்து மர இழைப்புளி இன்னும் வேலை செய்கிறது. ஒரு கட்டை, ஒரு தடித்த பிளேடு, ஓர் ஆப்பு. பிளேடின் தலையில் தட்டினால் ஆழம் கூடும், கட்டையின் பின்புறத்தில் தட்டினால் குறையும். இரும்பைவிட எடை குறைவு, மரத்தின் மேல் மரம் வழுக்கிப் போகும். நாள் முழுக்க இழைத்தாலும் தோள் வலிப்பதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனை உங்கள் தக்கலையில்தான் இருக்கிறது தம்பி. அங்குள்ள பழைய கட்டடமான தாய்க் கொட்டாரத்துக்குள் ஒருமுறை போய் மரவேலையைப் பாருங்கள். அமெரிக்காவில் லியோனார்ட் பெய்லி இந்தத் திருகு வைத்த இரும்பு இழைப்புளிக்குக் காப்புரிமை வாங்கியது 1860-களை ஒட்டி. அதற்குப் பல தலைமுறைக்கு முன்பே நம் தச்சர்கள் அந்த வேலையை முடித்துவிட்டார்கள்.

கோட்டாறு தச்சன் எழுதியது:

நானும் மர இழைப்புளியில் தொழில் படித்தவன்தான். அதன் வழுக்கல் இரும்பில் வராது. ஆனால் நம் மாவட்டத்தில் ஜூனில் தொடங்கும் மழை போனதும் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. இரண்டு பருவமழையிலும் கட்டை ஈரம் குடித்து முறுக்கும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடிப்பாகத்தை இன்னொரு இழைப்புளியால் சீவி மட்டமாக்க வேண்டும். அப்படிச் சீவச் சீவ வாய் அகன்றுகொண்டே போகும், பிறகு வாயில் புதுத் துண்டு பதிக்க வேண்டும். பட்டறை வைத்திருப்பவருக்கு அது பெரிய வேலை இல்லை. ஒரே ஓர் இழைப்புளி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்பவருக்கு இரும்புதான் தோது.

முட்டம் கடற்கரை எழுதியது:

இரும்பு என்றால் துருவைப் பற்றியும் பேசுங்கள். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு எனக்கு. உப்புக் காற்றில் ஒரே இரவில் அடிப்பாகத்தில் செம்புள்ளி விழுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

அருமனை மரக்கட்டை எழுதியது:

தாராளமாகத் தடவலாம். எங்கள் வீட்டில் அரிவாள் முதல் உளி வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான்.

வெட்டூர்ணிமடம் பொறியாளர் எழுதியது:

தினமும் எடுத்துத் துடைத்துப் புழங்கும் கருவிக்குத் தேங்காய் எண்ணெய் போதும். மாதக்கணக்கில் எடுத்து வைப்பதற்கு அது நல்லதல்ல. நாள்பட்டால் கெட்டு அமிலத்தன்மை ஏறும், தூசியும் ஒட்டும். எடுத்து வைப்பதற்குத் தையல் மெஷின் எண்ணெய் இலேசாகப் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வையுங்கள். கைவியர்வையும் உப்புதான், வேலை முடிந்ததும் கை பட்ட இடங்களைத் துடைத்துவிட வேண்டும்.

இழைக்கும் முன் அடிப்பாகத்தில் எண்ணெய் இருக்கக் கூடாது. பலகையில் ஏறினால் பின்னால் பாலிஷ் பிடிக்காது. அதற்குப் பதில் வெள்ளை மெழுகுவர்த்தியால் அடிப்பாகத்தில் இரண்டு கோடு இழுத்துவிடுங்கள். தள்ளும் பாரம் உடனே குறைவது கைக்குத் தெரியும்.

தக்கலைவாசி எழுதியது:

குளச்சல் அண்ணனுக்கு மிக்க நன்றி. வெளிச்சத்தில் பிடித்ததும் தெரிந்துவிட்டது. மேல்தகட்டின் இடது ஓரம் மட்டும் தொட்டு, நடுவிலிருந்து வலது ஓரம்வரை தூக்கி நின்றது. கண்ணாடியின் ஓரத்தில் வைத்துத் தேய்த்துக் கோடு முழுவதும் இருட்டாக்கினேன். மேல்பக்கத்தில் பெயிண்டைச் சுரண்டி மெருகேற்றி, மெழுகும் தடவினேன். ஃபிராக்கின் அடியில் பெயிண்ட் திரண்டு நின்றது, அதையும் எடுத்துவிட்டேன். பொறியாளர் அண்ணன் சொன்னபடி ஃபிராக்கைப் பின்னால் வைத்தேன்.

அடைப்பு முழுதாக நின்றுவிட்டது. பலாவின் மஞ்சள் நிறம் மெருகு போட்டதுபோல் தெரிகிறது. நார் எதிர்க்கும் இடங்களிலும் பிய்வு இல்லை, கை வைத்துப் பார்த்தால் இலேசான சொரசொரப்பு மட்டும். இரண்டு கேள்விகள் மீதி. பித்தளைத் திருகின் அந்த வெறும் சுற்று குறையா? சுருள் சில நேரம் வலது பக்கம் மட்டும் தடித்து வருவது ஏன்?

கோட்டாறு தச்சன் எழுதியது:

வெறும் சுற்று எல்லா இழைப்புளியிலும் உண்டு. அரைச் சுற்று, முக்கால் சுற்று இருந்தால் கவலை வேண்டாம். ஆழத்தை எப்போதும் கூட்டும் திசையிலேயே முடித்து வையுங்கள். குறைக்க வேண்டுமானால் தேவைக்கு மேல் பின்னே இழுத்து, பிறகு முன்னே கொண்டுவந்து நிறுத்துங்கள். குறைக்கும் திசையில் விட்டால் அந்த வெறும் இடம் பிளேடுக்குப் பின்னால் நிற்கும். மரம் தள்ளும்போது பிளேடு அதற்குள் பின்வாங்கும், "சிலநேரம் தொடவே இல்லை" என்று நீங்கள் முதலில் சொன்னது இதனாலும் இருக்கலாம். லீவர் கேப்பின் நடுத்திருகையும் பாருங்கள். பிளேடு நகராமல் பிடிக்கும் அளவுக்கு இறுக்கம் போதும். பித்தளைத் திருகு விரலுக்குச் சிரமமின்றிச் சுழல வேண்டும், சிரமப்பட்டால் நடுத்திருகு கூடுதல் இறுக்கம்.

ஒரு பக்கம் தடிப்பது பிளேடு கோணி நிற்பதால். மேலே இருக்கும் பக்கவாட்டு நெம்புகோலைச் சிறிது அசைத்துச் சரிசெய்ய வேண்டும். கண்ணை நம்பாதீர்கள். விரலளவு மரச்சீவல் ஒன்றை எடுத்து, முதலில் வாயின் இடது ஓரத்திலும் பிறகு வலது ஓரத்திலும் உரசிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே தடிமனில் சுருள் வந்தால் நேராக நிற்கிறது. அடுத்த முறை தீட்டும்போது பிளேடின் இரண்டு மூலைகளையும் இரண்டு இழுப்பு அதிகம் தீட்டி மயிரளவு குறைத்துவிடுங்கள், பலகையில் ஓரக்கோடு விழாது.

மார்த்தாண்டம் மாணவி எழுதியது:

நீலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டேன் ஐயா, இப்போது கூர் நிற்கிறது. ஆனால் தேக்கில் இழைத்தால் ரப்பர் மரத்தைவிடச் சீக்கிரம் மழுங்குகிறதே, அது இயல்புதானா?

குளச்சல் வள்ளம் எழுதியது:

இயல்புதான் தங்கையே. தேக்கில் மணல்சத்து உண்டு, அது எந்தப் பிளேடையும் தின்னும். மழுங்கியபின் அமுக்கித் தள்ளாமல் அடிக்கடி எடுத்துத் தோல் வாரில் இழுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலைவாசி எழுதியது:

கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். அலமாரிக்கு ஓர் அயனிப் பலகையும் கிடைத்திருக்கிறது. அதில் ஒரு முடிச்சைச் சுற்றி மட்டும் எந்தப் பக்கம் தள்ளினாலும் பிய்கிறது. மேல்தகட்டை இதற்கு மேல் நெருக்கத் துணிவு வரவில்லை. பலகைகளின் தலைப்பக்கத்தையும் இழைத்து முடிக்க வேண்டும், அங்கே மறுகோடி உடைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

குளச்சல் வள்ளம் எழுதியது:

முடிச்சைச் சுற்றி இழைப்புளியோடு போராட வேண்டாம். சுரண்டும் தகடு இருந்தால் அந்த இடத்தை மட்டும் சுரண்டி முடியுங்கள். இல்லையென்றால் இன்னொரு பிளேடு வாங்கி, அதன் முதுகுப் பக்கம் முனையில் மட்டும் 15 பாகைக்கு மெல்லிய சாய்வு தீட்டிவையுங்கள். 45 பாகையில் படுத்திருக்கும் பிளேடு அப்போது 60 பாகையில் வெட்டும். தள்ளக் கடினமாக இருக்கும், ஆனால் நாரை நெம்பாது. முடிச்சுள்ள பலகைகளுக்கு மட்டும் அந்தப் பிளேடை மாற்றிக்கொள்ளலாம்.

கோட்டாறு தச்சன் எழுதியது:

தலைப்பக்கத்தை ஒரே மூச்சில் மறுகோடிவரை தள்ளாதீர்கள். இந்த ஓரத்திலிருந்து நடுவரை, அந்த ஓரத்திலிருந்து நடுவரை என்று இரண்டு பக்கமிருந்தும் இழையுங்கள். பலகை குறுகியதென்றால் மறுகோடியில் ஒரு வேண்டாத மரத்துண்டை கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு முழுதாகத் தள்ளலாம், உடைவது அந்தத் துண்டாக இருக்கும். பிளேடை அப்போதுதான் தீட்டியிருக்க வேண்டும். தலைப்பக்கத்தில் ஈரத் துணியால் ஒருமுறை ஒற்றி, நீர் உள்ளே இறங்கியதும் இழையுங்கள், நார் மென்மையாக வெட்டுப்படும். முடித்தவுடன் பிளேடையும் வாயையும் துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள்.